காமிரா வாங்குமுன்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, துணிமணிகளோடும் தின்பண்டங்களோடும் தவறாது உடன் செல்லும் பொருள் ஒன்று உண்டு. அஃது அசையும் படம் எடுக்கும் டிஜிட்டல் காமிரா. தனிக் கருவியாக இல்லாவிடினும், கைபேசியின் உள்ளே அது குடியிருக்கிறது. திருமணம், காதுகுத்து, பொங்கல், ஊரார் நோம்பி என வழங்கும் கோயில் விழா ஆகிய எல்லாம் அதில் பதிவாகின்றன.

ஆனால் அப்பதிவுகளைப் பத்து ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்ப்போர் பலர் அடைவது ஏமாற்றமே. படம் ஆடுகிறது, முகம் இருண்டு கிடக்கிறது, பேச்சு காதில் விழவில்லை, சில வேளைகளில் படமே காணாமற் போய்விடுகிறது. இக்குறைகள் பெரும்பாலும் கருவியின் விலையால் வருவன அல்ல. எதைப் பதிவு செய்யப் போகிறோம் என எண்ணாமல் கருவி வாங்குவதாலும், வாங்கியதைக் கையாளும் முறை அறியாமையாலும் வருவன. இவ்விரண்டையும் ஓர் ஊரை முன்வைத்து ஆராய்வோம்.

எல்லையில் ஓர் ஊர்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில், கோயமுத்தூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்தது வடகரப்பதி. வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகியன அதன் அக்கம்பக்கத்து ஊர்கள். பனையும் தென்னையும் நிறைந்த இப்பகுதியில் தமிழே வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவர்களுடைய பேச்சில் கொங்கு நாட்டு 'ங்க' ஒலிக்கும். இடையிடையே மலையாளச் சொல்லும் கலந்து வரும்.

சித்தூர் வட்டம் முன்னாளில் கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூர்-கொச்சி இணைப்பிலும், 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலத்திலும் அது சேர்ந்தது. தெற்கே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அதே நாளில் கேரளத்தில் சேர்ந்தன. அவை இன்று 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தவை. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும், மறையூர், வட்டவடை முதலிய மலையூர்களிலும் தமிழ் பேசுவோர் பலர் உளர்.

1956ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராக இருந்து இந்த மாற்றத்தைக் கண்டவர் இன்று எண்பதை எட்டிய முதியவர். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்ததையும், அப்போது பாடிய பாட்டையும், எல்லை கடந்து சந்தைக்கு நடந்ததையும் நேரில் அறிந்தோர் அவர்களே. அவர்கள் பேசும் தமிழ் அச்சில் ஏறியதில்லை. வாய்ச்சொல்லாகவே வாழ்ந்து வருகிறது. அதைப் பிடித்து வைக்க இன்று நம் கையில் உள்ள எளிய கருவி காமிராவே.

நாம் செய்த பிழை

ஒரு தை மாதத்தில் வடகரப்பதிக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டு ஆத்தாவுக்கு நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டும் மனப்பாடம் என ஊரார் கூறினர். நம்மிடம் அப்போது விலை உயர்ந்த காமிரா ஒன்று இருந்தது. முற்றத்துக் கட்டிலில் அவரை அமர்த்திவிட்டு, பின்னணியில் பனை வரிசையும் தெரிய வேண்டும் என்னும் ஆசையால், பன்னிரண்டு அடி விலகி நின்று படம் எடுத்தோம். ஆத்தா ஒரு மணி நேரம் பாடினார். இடையே கதையும் சொன்னார்.

நகரத்திற்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தபோது, படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஆனால் குரல் இல்லை. காற்றின் இரைச்சலும் பனையோலையின் சலசலப்புமே நிறைந்திருந்தன. அடுத்த ஆண்டு நல்ல ஒலிவாங்கியோடு செல்வோம் எனத் தேற்றிக்கொண்டோம். அடுத்த ஆண்டு சென்றபோது ஆத்தா இல்லை. உதடுகள் அசையும் படம் மட்டும் நம்மிடம் உள்ளது. இக்கட்டுரையில் கூறும் அறிவுரை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்து இழப்பிலிருந்து பிறந்தவை.

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே திறந்த வாயில். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் அதன் வழியே காற்று விசையுடன் வீசும். விடுமுறைக்கு ஊர் செல்லும் காலமும் பெரும்பாலும் அதுவே. ஆகவே, இப்பகுதிக்குச் செல்வோர் காமிராவைப் பற்றி எண்ணுமுன் காற்றைப் பற்றி எண்ணுதல் நலம்.

முதலில் ஒலி

படம் சற்று மங்கலாயினும் மனிதன் பொறுத்துக்கொள்வான். பேச்சுப் புரியாவிடில் பார்ப்பதை நிறுத்திவிடுவான். காமிராவின் உடலிலேயே பொருத்தப்பட்ட சிறு ஒலிவாங்கி, பேசுபவரின் குரலைவிடக் காமிராவுக்கு அருகிலுள்ள ஓசைகளையே மிகுதியாக வாங்கும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. தூரம் நான்கு மடங்கானால் பதினாறில் ஒன்றாகிறது. பன்னிரண்டு அடி விலகி நின்ற நமக்குக் குரல் கிட்டாததில் வியப்பில்லை.

இதற்கு மருந்து எளிது. சட்டையிலோ சேலையிலோ குத்திக்கொள்ளும் சிறு மைக்கை வாங்குக. அதை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மார்பளவில் பொருத்துக. கம்பி உள்ளது மலிவானது, நம்பத் தக்கது. கம்பியில்லாதது வசதியானது, ஆயினும் அதற்கென்று தனிப் பேட்டரி உண்டு, அது நடுவில் தீர்ந்துவிடலாம் என்பதை மறவாதீர். வெளியில் பதிவு செய்வதாயின், மைக்கின் மேல் அணிவிக்கும் மென்மயிர்க் குல்லாய் கட்டாயம் தேவை. வெறும் பஞ்சு உறை கணவாய்க் காற்றைத் தாங்காது.

மைக்கின் செருகுமுனையையும் கவனிக்க வேண்டும். கைபேசிக்கென்று செய்த முனையில் மூன்று கருவளையங்கள் இருக்கும்; காமிராவுக்கென்று செய்ததில் இரண்டு இருக்கும். ஒன்றை மற்றொன்றில் செருகினால் பொருந்துவதுபோல் தோன்றும். ஒலி மட்டும் பதிவாகாமற் போகக்கூடும். பல கைபேசிகளில் இன்று அந்தத் துளையே இல்லை. அவற்றிற்கு மின்னூட்டும் துளையில் செருகும் மைக் வேண்டும். ஆதலின் மைக் வாங்கச் செல்லும்போது காமிராவையும் கைபேசியையும் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே பேசிப் பதிவு செய்து கேட்டுப் பார்த்து வாங்குக.

காமிரா வாங்குவோர் அதில் இரண்டு துளைகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஒன்று மைக்கிற்கு, மற்றொன்று காதணி ஒலிபெருக்கிக்கு. பதிவு நடக்கும்போதே ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால், கம்பி தளர்ந்ததும் சேலை உரசுவதும் உடனே தெரிந்துவிடும். அந்த இரண்டாம் துளை இருந்தும் நாம் பயன்படுத்தியிருந்தால், ஆத்தாவின் குரல் இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

எந்தக் காமிரா?

கைபேசி போதுமா என்பது பலரும் கேட்கும் வினா. பகல் வெளிச்சத்தில், அமர்ந்து பேசும் ஒருவரைப் பதிவு செய்ய நல்ல கைபேசி போதும். வெளியிலிருந்து செருகும் மைக்கும், அசையாமல் நிறுத்தும் தாங்கியும் சேர்ந்திருந்தால் போதும். விமானப் பயண நிலைக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையேல் முதியவர் முக்கியமான செய்தியைச் சொல்லும் வேளையில் தொலைபேசி அழைப்பு வந்து பதிவை நிறுத்திவிடும். கைரேகை படிந்த லென்ஸை மென்துணியால் துடைப்பதும், கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடிப்பதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

கைபேசியின் எல்லை இருளில் தெரிகிறது. பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்கள் பலவற்றில் தோல்பாவைக் கூத்து நடக்கும். கூத்துமாடம் என்னும் நிலையான மேடையில், திரைக்குப் பின்னே 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் செதுக்கிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டுவர். ஏழு இரவுகள் முதல் இருபத்தோர் இரவுகள் வரையும் அதற்கு மேலும் அது நடப்பதுண்டு. அங்கே மலையாள நாட்டுப் புலவர்கள் பாடிப் பொருள் விரிப்பது கம்பராமாயணப் பாடல்களை. வெளி மாநிலத்துத் தமிழர் ஒருமுறையேனும் காண வேண்டிய காட்சி இது. விளக்கொளி நிழலைச் சிறு லென்ஸால் எடுத்தால் திரை வெள்ளைப் புள்ளிகளாய்ச் சிதறித் தோன்றும்.

காரணம் யாது? லென்ஸின் பின்னே ஒளியை வாங்கும் தகடு சென்ஸார் எனப்படுகிறது. முழு அளவுச் சென்ஸார் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கைபேசிகளிலும் சிறிய காமிராக்களிலும் உள்ளவை அதனினும் பன்மடங்கு சிறியவை. பெரிய பாத்திரத்தில் மழைநீர் மிகுதியாய்ச் சேர்வது போல், பெரிய தகட்டில் ஒளி மிகுதியாய்ச் சேர்கிறது. லென்ஸின் கண்திறப்பும் அவ்வாறே. எஃப் 2.8 என்னும் திறப்பு, எஃப் 5.6 என்பதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். அவ்வெண் சிறிதாக இருந்தால் திறப்புப் பெரிது என்பதை நினைவிற் கொள்க.

ஆகவே இரவுக் கூத்தும் விளக்குப் பூசையும் எடுக்க விரும்புவோர், லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் காமிராவையும், திறப்பெண் குறைந்த ஒரு லென்ஸையும் வாங்கலாம். பகல் விழாவும் குடும்ப நிகழ்ச்சியும் மட்டுமே நோக்கமாயின், கையடக்கமான கேம்கார்டர் நன்று. நெடுநேரம் நிற்காமல் ஓடும். தொலைவை அருகே காட்டும் ஜூம் வசதியும் மிகுதி. ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்பதை மட்டுமே கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. அதைப் பிறகு வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று: பழைய நிழற்படக் காமிராக்களிற் சில, அசையும் படத்தை அரைமணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து எடுக்காமல் தாமே நின்றுவிடும். வேறு சில, பங்குனி வெயிலில் சூடேறி நின்றுவிடும். ஒரு மணி நேரக் கதையைப் பதிவு செய்யப் போகிறவர், வாங்குமுன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தல் வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் கைவிளக்கை லென்ஸின் வழியே செலுத்திப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் நூலிழைகள் தென்பட்டால் அது பூஞ்சை. அதை வாங்க வேண்டா. வரிசை எண் குறித்த ரசீதும், இந்தியாவில் செல்லும் உத்தரவாதச் சீட்டும் பெற்றுக்கொள்க. கையிருப்பில் மூன்றில் இரு பங்கைக் காமிராவுக்கும் எஞ்சியதை மைக், முக்காலி, பேட்டரி, கார்டு ஆகியவற்றிற்கும் ஒதுக்குதல் நல்ல கணக்கு. முழுப் பணத்தையும் காமிராவில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் செல்வோரே மிகுதி. நாமும் அவ்வாறே சென்றோம்.

முக்காலி, கார்டு, பேட்டரி

டிரைபாட் எனப்படும் முக்காலியை அலட்சியம் செய்யற்க. கை எவ்வளவு உறுதியாயினும் பத்து நிமிடத்தில் நடுங்கும். காற்று வீசும் இடத்தில் முக்காலியின் நடுத்தண்டில் கல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிட்டால் அது சாயாது.

பதிவாகும் கார்டின் கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. காமிரா விநாடிக்கு 50 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு மணிக்கு 22.5 கிகாபைட் இடம் ஆகும். 64 கிகாபைட் கார்டில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அடங்கும். விநாடிக்கு 100 மெகாபிட் எனில் அதில் பாதி நேரமே. கார்டின் மேல் 'வி30' என்னும் குறி இருந்தால், விநாடிக்கு 30 மெகாபைட்டிற்குக் குறையாமல் எழுதும் எனப் பொருள். இவ்விரு அளவுகளுக்கும் அது போதும். பெயர்பெற்ற கம்பெனியின் பெயரைப் பொறித்த போலிக் கார்டுகளும் விற்பனையாகின்றன. வாங்கியவுடன் கார்டு நிரம்பும்வரை ஏதேனும் பதிவு செய்து, முதலிலிருந்து முடிவுவரை ஓடுகிறதா எனச் சோதியுங்கள். ஊரில் போய்ச் சோதிப்பது காலங்கடந்த சோதனை.

படத்தின் நுட்பத்தைப் பற்றிய மயக்கமும் வேண்டா. நான்கு-கே எனப்படுவது முழு எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உடையது. ஆயின் இடமும் மிகுதியாய்க் கொள்ளும். வீட்டுத் திரையில் பார்க்க முழு எச்டியே போதும். மைக் வாங்கப் பணம் போதாமல் நான்கு-கே காமிரா வாங்குவது, நெய் வாங்கிவிட்டுச் சோற்றுக்கு அரிசி இல்லாமல் இருப்பது போன்றது.

பேட்டரி மூன்றேனும் வேண்டும்: ஒன்று காமிராவில், ஒன்று பையில், ஒன்று மின்னூட்டத்தில். விமானத்தில் செல்வோர் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கையோடு கொண்டு செல்லும் பையிலேயே வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில் இடுக. நெடுநாள் பயன்படுத்தாத பேட்டரியைப் பாதியளவு மின்னூட்டத்தோடு வைத்தால் நீடித்து உழைக்கும்.

எடுக்கும் முறை

இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. அதனால் விளக்குகள் பல கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. காமிராவை விநாடிக்கு 25 படம் என வைத்து, ஷட்டரை 50இல் ஒரு விநாடியாக வைத்துக்கொண்டால் அம்மினுக்கம் படத்தில் ஏறாது. வேற்று நாட்டு வழக்கப்படி 30 படமும் 60இல் ஒரு விநாடியும் என வந்த அமைப்பை மாற்றாமல் விட்டால், கலியாண மண்டபத்துச் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் காணலாம்.

கூத்துமாடத்தின் முன்னே காமிராவின் தானியங்கி அறிவை நம்பலாகாது. விளக்குச் சுடர் அசையும்தோறும் அது வெளிச்சத்தையும் குவியத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். திரையின் விளிம்பில் குவியத்தைச் சரிசெய்து பூட்டிவிடுக. வெளிச்சத்தையும் பாவையின் நிழலுருவம் தெளிவாகத் தெரியும் அளவில் வைத்துப் பூட்டுக. காமிராவின் விளக்கை ஒருபோதும் ஏற்றாதீர். நிழலைக் காண வந்த இடத்தில் நிழலையே அழித்துவிடும் செயல் அது.

விழாவில் மேளமும் பறையும் முழங்கும்போது ஒலி அளவைக் குறைத்து வைக்க வேண்டும். மிஞ்சிப்போய்க் கரகரத்த ஒலியைப் பின்னர் எவராலும் சீராக்க இயலாது. அளவுகாட்டியில் மிக உயர்ந்த ஓசையும் பூச்சியத்திற்குக் கீழே 12 டெசிபல் அளவில் நின்றால் நன்று. ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியேனும் அசைக்காமல் பிடியுங்கள். இடமும் வலமும் தோட்டக் குழாய்போல் காமிராவைச் சுழற்றுவது பார்ப்போர்க்குத் தலைவலியே தரும். கோயிலுக்குள் படம் எடுக்குமுன் அனுமதி கேட்டல் கடமை; கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் அதற்குத் தடை உண்டு.

முதியவரோடு உரையாடும் பதிவுக்கு வேறு இலக்கணம் உண்டு. அவரை வெளிச்சத்தை நோக்கித் திண்ணையில் அமர்த்துக. வாசலுக்கு முதுகு காட்டி அமர்த்தினால் முகம் கறுத்துவிடும். மின்விசிறி, குளிர்ப்பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைச் சற்று நிறுத்துமாறு வேண்டுக. காமிராவை அவருடைய கண்ணின் உயரத்தில் வைக்க. பதிவு தொடங்கியதும் நாள், ஊர், பேசுபவர் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்லுங்கள். பெட்டிமேல் ஒட்டிய சீட்டு கிழிந்தாலும் குரலிலுள்ள குறிப்பு கிழியாது. கைபேசி ஒன்றையும் அவர் அருகே ஒலிப்பதிவுக்கென வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். அந்தக் கைதட்டலைக்கொண்டு இரண்டையும் பொருத்திவிடலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கேட்கும் முறை ஒன்று உண்டு. "தங்கள் இளமைக்கால அனுபவங்களைக் கூறுங்கள்" என்றால் ஆத்தா வாய் திறவார். "ஏனுங்காத்தா, கெணத்துல கவலெ ஓட்டறப்ப என்ன பாட்டுப் பாடுவீங்க?" என்றால் பாட்டே வந்துவிடும். அவர் பேச்சில் மலையாளச் சொல் வந்தால் திருத்தாதீர். அந்த ஊர்த் தமிழே அப்படித்தான். அவர் பேசும்போது 'ஆமாம், ஆமாம்' எனக் குறுக்கிடாமல் தலையை மட்டும் அசைத்திடுக. அவர் சும்மா இருக்கும் வேளையிலும் காமிராவை நிறுத்தற்க. சிறந்த செய்தி அந்த மௌனத்திற்குப் பிறகே வருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இது பதிவாகிறது என்றும், யார் யார் பார்ப்பர் என்றும் முன்னரே சொல்லி அவர் இசைவைப் பெறுதல் முறை. வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதியை வெளியிடாமல் இருப்பது அதனினும் முறை.

காக்கும் முறை

தமிழின் முதற் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அதன் படச்சுருள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. எடுப்பது ஒரு கலை எனில், காப்பது மற்றொரு கலை.

காத்ததன் பயனுக்கும் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965ஆம் ஆண்டில் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கி, அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர் வாயிலாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் கதை அது. உடுக்கை ஒலியோடு பல இரவுகள் பாடப்படுவது. அப்பதிவு 1992இல் நூலாக வெளிவந்தது; பின்னர் சித்திரப் படத் தொடராகவும் உருவெடுத்தது. நாடா அழியாமல் இருந்ததாலன்றோ இவ்வளவும் நிகழ்ந்தது?

இன்றைய டிஜிட்டல் பதிவு நாடாவினும் எளிதில் அழியக் கூடியது. ஒரு விரல் பட்டால் மறையும். எனவே ஊரைவிட்டுப் புறப்படுமுன்னரே பதிவுக்கு மூன்று படிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி வன்வட்டில், ஒன்று வேறோர் ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. ஒரே வீட்டில் மூன்று படிகள் வைத்தல் ஒரு படி வைத்தலுக்கே சமம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் வீடு வீடாக ஆல்பங்களும் ஆவணங்களும் சேற்றில் புதைந்ததை நாடறியும். வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஊரில் ஒரு படி, தாம் வாழும் நகரில் ஒரு படி என வைப்பது அவர்கட்கு இயல்பாகவே கைகூடும். மூன்று படிகளும் ஓடுகின்றன எனக் கண்ட பின்னரே கார்டை அழியுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், பேசியவர் ஆகியவற்றை அவ்வரிசையில் எழுதுக. புதிய வன்வட்டிற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி எழுதுக.

பழைய கலியாணக் கேஸட்டுகள் பெட்டியில் இருப்பின் அவற்றையும் கவனியுங்கள். வி.எச்.எஸ். கேஸட்டை ஓட்டும் கருவிகளைச் செய்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்தியது. ஓடும் கருவிகள் ஆண்டுதோறும் குறைகின்றன. நாடாவும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. புதிய காமிரா வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, தாத்தா பாட்டி உள்ள பழைய கேஸட்டுகளை டிஜிட்டலாக மாற்றுவது பல குடும்பங்களுக்கு அறிவான செலவு.

காமிராவையும் மழைக்காலத்தில் பேணுதல் வேண்டும். காற்று நுழையாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு லென்ஸை வைக்கலாம். டப்பாவில் ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருத்தல் நன்று. தோல் உறையிலேயே மூடி வைத்தால் பூஞ்சை விரைவில் பற்றும்.

முடிவாக, இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் புறப்படுமுன் ஒருநாள் வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பார்களாக. மைக்கை மாட்டி, முக்காலியில் காமிராவை நிறுத்தி, வீட்டிலுள்ள பெரியவரை ஒரு மணி நேரம் பேசச் செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். குறைகள் அங்கேயே தெரிந்துவிடும். புதுக் காமிரா வாங்கப் பணம் சேரவில்லையே எனக் காத்திருக்கவும் வேண்டா. கையிலுள்ள கைபேசியும் ஒரு சட்டை மைக்கும் மென்மயிர்க் குல்லாயும் இருந்தால் தொடங்கிவிடலாம். கருவிகள் ஆண்டுதோறும் புதியனவாய் வந்துகொண்டே இருக்கும். வடகரப்பதித் தோட்டத்து வீட்டில் கட்டிலில் அமர்ந்து பாடியவர் திரும்பி வரமாட்டார். உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் அமர்ந்திருப்பவரிடம் இந்த முறையே போய் அமருங்கள்.